வான்கோழி விருந்துக்குச் சனிக்கிழமையே வேலை தொடங்குகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் பிறந்தால் அமெரிக்காவிலுள்ள தமிழ்க் குடும்பங்களில் ஒரு பேச்சு எழும்: இந்த வருடம் தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றி நாளுக்கு நாமே வான்கோழி சுடலாமா? பிள்ளைகள் பள்ளியில் கேட்டுவிட்டு வந்து நச்சரிப்பார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவோ அத்தையோ, "கோழிதானே, என்ன, கொஞ்சம் பெரிய கோழி" என்று தைரியம் சொல்வார்கள். அந்தத் தைரியத்தை மட்டும் நம்பித் தொடங்கும் விருந்துகளில் பல, மார்புக்கறி வறண்டு சக்கையாகவும் தொடை எலும்போரம் வேகாமலும் முடிகின்றன. கண்ணில் படும் தமிழ்ச் சமையல் குறிப்புகளோ பெரும்பாலும் மசாலாவைப் பற்றியே பேசுகின்றன. மசாலாவால் எந்த வான்கோழியும் கெட்டதில்லை. கெடுவதெல்லாம் உறைந்த பறவையின் பனியை இளக்கும், அதாவது உறை நீக்கும், நாள் கணக்கிலும், உள்வெப்பத்தை அளக்காமல் விடுவதிலும்தான். அதனால் அந்த இரண்டையும் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நாள் எப்போதும் முன்கூட்டியே தெரிந்ததுதான். 1863-இல் அமெரிக்க அதிபர் லிங்கன் நவம்பரின் கடைசி வியாழக்கிழமையைத் தேசிய நன்றி நாளாக அறிவித்தார். 1941-இல் இயற்றிய சட்டம் அதை நான்காவது வியாழன் என்று நிலைநிறுத்தியது. ஆகவே வியாழனிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். ஆளுக்கு ஒன்று முதல் ஒன்றரை பவுண்டு என்று கணக்கிட்டால் பத்துப் பேருக்கு 14 பவுண்டு, அதாவது சுமார் 6.3 கிலோ பறவை போதும். கடையில் பெரும்பாலும் கல்லாக உறைந்துதான் கிடைக்கும். ஃபிரிட்ஜில் வைத்து உறை நீங்க, ஒவ்வொரு 4 முதல் 5 பவுண்டுக்கும் ஒரு முழு நாள் தேவை. 14 பவுண்டுக்கு மூன்று நாளுக்கு மேல் ஆகும். உப்பு ஏற ஒரு நாள் வேண்டும் என்பதால் சனிக்கிழமை காலையே ஃபிரீசரிலிருந்து எடுத்து, ஓரம் உயர்ந்த தட்டில் வைத்து, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். கீழ்த்தட்டு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பறவையிலிருந்து கசியும் நீர், கீழே இருக்கும் தயிரிலோ கீரையிலோ சொட்டக் கூடாது.

சமையல் மேடையில் இரவு முழுக்க வைத்து உறை நீக்குவது நம் வீடுகளில் சாதாரணம். ஒரு கிலோ கோழியில் அது பெரிதாகத் தெரியாமல் போகலாம். ஆறு கிலோ பறவையில், உள்ளே பனிக்கட்டி இருக்கும்போதே மேல்தோல் அறை வெப்பத்துக்கு வந்துவிடும். 40 முதல் 140 டிகிரி பாரன்ஹீட் வரை (4 முதல் 60 செல்சியஸ்) கிருமிகள் வேகமாகப் பெருகும் எல்லை. மேற்புறம் அந்த எல்லைக்குள் பல மணி நேரம் கிடக்கும்.

புதன்கிழமைதான் நினைவு வந்தது என்றாலும் வழி இருக்கிறது. பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் குளிர்ந்த நீரில் முழுக மூழ்கவைத்து, அரை மணிக்கு ஒருமுறை நீரை மாற்ற வேண்டும். பவுண்டுக்கு அரை மணி வீதம் 14 பவுண்டுக்கு 7 மணி நேரம். அப்படி நீக்கியதை உடனே சமைத்துவிட வேண்டும். சுடுநீரில் போடுவது கூடவே கூடாது. வியாழன் காலையிலும் நடுவில் உறைந்தே இருந்தால் பதற வேண்டியதில்லை. 325 டிகிரி பாரன்ஹீட்டில் அப்படியே ஓவனில் வைக்கலாம். முழுக்க உறைந்த பறவை என்றால் வழக்கமான நேரத்தில் ஒன்றரை மடங்காவது பிடிக்கும். விருந்தினர்களை இரவுச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லிவிடுவதே மரியாதை.

அடுத்து, கழுவுவது. மஞ்சளும் கல்லுப்பும் போட்டு நாலு தண்ணீரில் அலசாமல் கறியைத் தொட நம் கை கூசும். தெருக்கடையில் அப்போதே வெட்டி வாங்கிய கோழிக்கு அந்தப் பழக்கம் வந்தது. தொழிற்சாலையில் சுத்தம் செய்து அடைத்து வரும் வான்கோழியைச் சிங்க்கில் அலசினால், கிருமி கலந்த நீர் சுற்றியுள்ள பாத்திரம், சாலட் இலை, துடைக்கும் துணி எல்லாவற்றின் மேலும் தெறிக்கும். வேகும் வெப்பம் கிருமியைக் கொல்லும். கழுவும் நீர் அதைப் பரப்பும். காகிதத் துண்டால் ஒற்றி எடுத்தால் போதும். மஞ்சள் வேண்டுமானால் வெண்ணெயில் சேருங்கள். வயிற்றுக்குள்ளும் கழுத்துப் பக்கத்துத் தோல் மடிப்பிலும் கழுத்துத் துண்டு, ஈரல், இரைப்பை அடங்கிய சிறு பை இருக்கும். அதை மறக்காமல் எடுத்துவிட வேண்டும். ஈரலைத் தவிர மற்றவற்றைத் தண்ணீர், வெங்காயம், மிளகோடு இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டால் கிரேவிக்கு அருமையான சாறு கிடைக்கும். ஈரல் சேர்ந்தால் சாறு கசக்கும்.

உப்பு பற்றி ஒரு எச்சரிக்கை. பறவை வந்த பிளாஸ்டிக் உறையின் மேல் சிறிய எழுத்தில், உப்புக் கரைசல் ஏற்றப்பட்டது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். கோஷர் என்ற யூத உணவு முறையில் பதப்படுத்தியதிலும் உப்பு ஏற்கெனவே ஏறியிருக்கும். இவற்றுக்கு மேலும் உப்புத் தடவினால் கிரேவி வாயில் வைக்க முடியாது. கரைசல் இல்லாத பறவை என்றால் 14 பவுண்டுக்குப் பருமனான கோஷர் உப்பு சுமார் 3 மேசைக்கரண்டி, பொடி உப்பு என்றால் அதில் பாதி. செவ்வாய் இரவு தோலின் மேலும் தோலுக்கு அடியிலும் தடவி, மூடாமல் ஃபிரிட்ஜில் விட வேண்டும். உப்பு முதலில் கறியின் நீரை வெளியே இழுக்கும். பிறகு அந்த நீரில் கரைந்து உள்ளே திரும்பும். வேகும்போது கறியின் புரதம் இறுகி நீரைப் பிழிவது இதனால் குறைகிறது. திறந்து வைப்பதால் தோல் காய்ந்து, ஓவனில் மொறுமொறுப்பாகும். பக்கெட் நிறைய உப்புநீரில் ஊறவைப்பதைவிட இது எளிது, இடமும் அடைக்காது.

மசாலா எங்கே போக வேண்டும் என்பதில்தான் தமிழ்ச் சமையலறைகள் தடுமாறுகின்றன. தயிர், இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள் கலந்து தந்தூரி போல மேலே பூசினால், மூன்றே முக்கால் மணி நேர ஓவன் சூட்டில் தயிரிலுள்ள சர்க்கரையும் பூண்டும் கருகிக் கசக்கும். உள்ளே வேகும் முன்பே மேலே கரியாகிவிடும். ஊறவைத்தால் உள்ளே இறங்கும் என்பதும் உப்புக்கு மட்டுமே பொருந்தும். மற்ற மசாலா சில மில்லிமீட்டருக்கு மேல் போவதில்லை. ஒரு குச்சி வெண்ணெய், அதாவது 113 கிராம், அதில் இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, மிளகுத்தூள் 2 தேக்கரண்டி, சோம்புத்தூள் ஒரு தேக்கரண்டி, பொடியாக நறுக்கிய கறிவேப்பிலை சேர்த்துப் பிசைந்து, மார்புத் தோலை விரலால் மெல்ல நெகிழ்த்தி அடியில் பூசுங்கள். கருகாது, மணம் கறியோடு நிற்கும். மேலே எண்ணெய் மட்டும் போதும்.

இனி ஓவன். 325 டிகிரி பாரன்ஹீட், அதாவது 163 செல்சியஸ். அதற்குக் குறைவாக வைக்கக் கூடாது. உள்ளே எதுவும் அடைக்காத 14 பவுண்டு பறவைக்கு ஏறத்தாழ மூன்றே முக்கால் மணி நேரம். இது வழிகாட்டி மட்டுமே. பறவை எவ்வளவு குளிராக உள்ளே போனது, ஓவன் காட்டும் எண் உண்மையா, எத்தனை முறை கதவைத் திறந்தோம் என்பதையெல்லாம் பொறுத்து அரை மணி முன்னும் பின்னும் ஆகும். ஆகவே கடிகாரத்தை நம்பாமல், முனையைக் கறிக்குள் குத்தி அளக்கும் தெர்மாமீட்டரை வாங்குங்கள். மார்பின் தடித்த பகுதி, தொடையின் உட்புறம், இறக்கை உடலோடு சேரும் இடம் மூன்றிலும் 165 டிகிரி (74 செல்சியஸ்) காட்ட வேண்டும். முனை எலும்பில் பட்டால் தவறான எண் வரும். மார்பில் குத்தி வரும் பிளாஸ்டிக் பொத்தான் மேலெழும்புவதை மட்டும் நம்ப வேண்டாம். அது ஓரிடத்து வெப்பத்தைத்தான் சொல்லும். எலும்போரம் இளஞ்சிவப்பாக இருப்பதும், சாறு தெளிவாக ஓடுவதும் சான்றாகா.

மார்பு ஏன் வறள்கிறது? 165-ஐத் தாண்டினால் அதற்கு ஆகாது. தொடையிலோ தசைநார் அதிகம். அது 175 டிகிரியை நெருங்கினால்தான் இளகும். ஒரே உடலில் இரண்டு தேவை. தங்கநிறம் வந்ததும் மார்பை மட்டும் அலுமினியத் தாளால் மூடுவது பாதித் தீர்வு. முதுகெலும்பைச் சமையல் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்து, நெஞ்செலும்பை அழுத்தித் தட்டையாக்கி, 450 டிகிரியில் சுட்டால் ஒன்றரை மணி நேரத்துக்குள் இரண்டும் சேர்ந்து வெந்துவிடும். என் கருத்தில் நம்மவர்களுக்கு இன்னும் பொருத்தமானது, உறை நீங்கிய பறவையை மார்பு தனியாக, கால் தனியாக வெட்டிச் சுடுவது. கால்களை முதலில் வைத்து, மார்பைப் பின்னால் சேர்க்கலாம். மேசை நடுவே முழுப் பறவை வீற்றிருக்கும் காட்சி போகும். சாப்பிடுகிறவர்களுக்கு இழப்பு எதுவும் இல்லை.

வயிற்றுக்குள் பிரியாணியை அடைத்துச் சுடும் காணொளிகள் பரவுகின்றன. கறியின் பச்சைச் சாறு சோற்றில் இறங்கும். சோற்றின் நடுப்பகுதி 165-ஐத் தொடும்போது மார்பு அதை எப்போதோ தாண்டியிருக்கும். பிரியாணியைத் தனியே செய்யுங்கள். வழக்கமாக வயிற்றுக்குள் அடைக்கும் ரொட்டிக் கலவையான ஸ்டஃபிங்கும் அப்படித்தான்: காய்ந்த ரொட்டித் துண்டு ஒரு பவுண்டு, வெங்காயம், செலரி, இரண்டரை கப் சாறு, தனித் தட்டில் 350 டிகிரியில் 45 நிமிடம். ஓவன் ஒன்றுதானே என்றால், வெந்த வான்கோழி வெளியே அரை மணி நேரத்துக்கு மேல் ஆற வேண்டும். அந்த நேரம்தான் மற்றத் தட்டுகளுக்கு. ஆறவிடாமல் வெட்டினால் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும்.

தட்டில் வடிந்த கொழுப்பில் 3 மேசைக்கரண்டி எடுத்து, அதே அளவு மைதா சேர்த்துப் பொன்னிறமாக வறுத்து, 2 கப் சூடான சாற்றைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறினால் கிரேவி. ஒரேயடியாக ஊற்றினால் கட்டி தட்டும். மீதிக் கொழுப்பைச் சிங்க்கில் கொட்டாதீர்கள். குழாயில் உறைந்து, அடுக்குமாடியில் கீழ்வீட்டாரையும் பாதிக்கும். பழைய டப்பாவில் ஊற்றி, இறுகியதும் குப்பையில் போடலாம். உருளைக்கிழங்கை மிக்ஸியில் அடித்தால் மாவுச்சத்து உடைந்து பசையாகும். கையால் மசிப்பதே சரி. கிரான்பெர்ரி என்ற புளிப்புப் பழத்தின் சாஸுக்கு, 340 கிராம் பழப் பைக்குச் சர்க்கரை ஒரு கப், தண்ணீர் ஒரு கப், பத்து நிமிடம். ஆறும்போது தானே கெட்டிப்படும். அதன் புளிப்புக்கு நல்லெண்ணெய், கடுகு, வெந்தயம், பெருங்காயம் போட்டுத் தொக்கும் கிண்டலாம். அமெரிக்கத் தமிழ் வீடுகள் பலவற்றில் அதுவும் மேசைக்கு வருகிறது.

சைவ விருந்தினர் இருந்தால் வான்கோழியைத் தவிர்த்தால் மட்டும் போதாது. ஸ்டஃபிங்கில் கோழிச்சாறு, சர்க்கரைவள்ளித் தட்டின் மேல் மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின், கடையில் விற்கும் சில பை (pie) பண்டங்களின் மாவு ஓடுகளில் பன்றிக்கொழுப்பு, வூஸ்டர்ஷயர் சாஸில் நெத்திலி வகை மீன். இவற்றை வீட்டுக்காரர் முன்பே பார்த்துச் சொல்ல வேண்டும். விருந்தாளி மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்கும் நிலை வரக் கூடாது.

எண்ணெயில் முழு வான்கோழி பொரிப்பது பற்றி ஒரே வார்த்தை: அடுக்குமாடியில், கராஜில், மரத்தளத்தில் வேண்டாம். உறை முழுதும் நீங்காத பறவையைக் கொதிக்கும் எண்ணெயில் இறக்கினால், பனி நொடியில் ஆவியாகி எண்ணெயைப் பொங்கவைத்து அடுப்பில் தள்ளும். வீட்டுச் சமையல் தீ விபத்துகள் மிக அதிகமாக நடக்கும் நாள் அமெரிக்காவில் நன்றி நாளே.

சாப்பிட்டு முடித்துப் பேச்சு நீளும்போது மேசை அப்படியே கிடக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் கறியை எலும்பிலிருந்து பிரித்து, ஆழமில்லாத டப்பாக்களில் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. பெரிய பாத்திரத்தில் மெதுவாக ஆறும் கிரேவியும் கறியும் அதற்குத் தோதான இடம். மறுநாள் வயிற்றுப்போக்கு வந்தால் "காரம் ஒத்துக்கொள்ளவில்லை" என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு இதனுடையதாக இருக்கலாம். ஃபிரிட்ஜில் வைத்தது மூன்று நான்கு நாள் தாங்கும். மீண்டும் 165 டிகிரிக்குச் சூடேற்றிச் சாப்பிட வேண்டும். கிரேவி கொதிக்க வேண்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். தாங்கள் வெளியிடும் இறைச்சிக் குறிப்புகளில் "நன்கு வெந்ததும் இறக்கவும்" என்று மட்டும் எழுதாமல் உள்வெப்பத்தை எண்ணாகவே அச்சிடுங்கள், பாரன்ஹீட்டிலும் செல்சியஸிலும். வான்கோழிக் குறிப்பை நன்றி நாள் காலையில் வெளியிடாமல், அதற்கு முந்தைய வார இதழிலேயே போடுங்கள். வியாழன் காலையில் படிப்பவரின் ஃபிரீசரில் பறவை இன்னும் கல்லாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நியூ ஜெர்சி