கல்யாணத்துக்குச் செருப்புத் தேடும் தோழிக்கு

அன்புள்ள தோழிக்கு,

இங்கே அனைவரும் நலம். மகனுக்குத் தை மாதத்தில் திருமணம் நிச்சயமாகியிருக்கும் செய்தியைப் படித்து எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பெருமகிழ்ச்சி. பட்டு எடுத்தாயிற்று, பத்திரிகை அச்சுக்குப் போயாயிற்று, காலுக்கு ஒரு செருப்புதான் அமையவில்லை என்று நீ புலம்பியிருந்த பகுதி வந்ததும், "இதற்கு நீதான் பதில் எழுதவேண்டும்" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். உன் பாதமும் என் பாதமும் முன்பக்கம் அகன்ற ஒரே வார்ப்பு என்பது நாம் விடுதியில் இருந்த காலத்திலேயே தெரிந்ததுதானே. ஆகவே மற்றச் செய்திகளை அடுத்த கடிதத்துக்கு ஒத்திவைத்துவிட்டு, செருப்பைப் பற்றியே விரிவாக எழுதுகிறேன்.

முன்பாகம் இறுக்குகிறது என்று நீ சொன்னதற்குக் கடைக்காரர், "ஒரு சைஸ் கூட்டி எடுத்துக்கொள்ளுங்கள், சரியாகிவிடும்" என்றாராம். அந்தப் பேச்சை மட்டும் கேட்காதே. நம் கடைகளில் வழங்கும் யு.கே. கணக்கில் ஓர் எண் ஏறினால் நீளம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர் கூடுகிறது. அடிப்பாகத்தின் அகலமோ 2 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் கூடும். வேண்டாத நீளத்தை வாரி வாங்கிக்கொண்டு, வேண்டிய அகலத்தைக் கிள்ளிப் பெறுகிறோம். அது மட்டுமன்று, செருப்பு மடங்கவேண்டிய இடம் நம் விரல்கள் மடங்கும் இடத்தைத் தாண்டி முன்னே போய்விடுவதால், குதிகால் ஒவ்வோர் அடிக்கும் கழன்று வருகிறது, அதைப் பிடித்து நிறுத்த நாம் விரல்களை இறுக்கி நடக்கிறோம், மாலையில் கெண்டைக்கால் வலிக்கிறது. அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரத்துச் செருப்புக்கடைக்காரர் ஒருவரின் மகனான சார்லஸ் பிரானக் என்பவர் 1920களில் உருவாக்கிய கால் அளக்கும் கருவி, நீளத்தையும் அகலத்தையும் குதிகாலிலிருந்து பெருவிரலின் அடிமூட்டு வரையுள்ள தூரத்தையும் ஒருசேரக் காட்டும். நூறாண்டுகளாக இப்படி ஒரு கருவி இருந்தும், நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் "என்ன நம்பர்?" என்ற ஒரே கேள்வியோடு அளவெடுப்பு முடிந்துவிடுகிறது.

இங்கிலாந்தில் இருக்கும் என் மகளிடம் விசாரித்தேன். அங்கே சில நிறுவனங்களின் செருப்புகளில் எண்ணுக்குப் பக்கத்தில் அகலத்துக்கென்று ஓர் எழுத்தும் இருக்கும். நீளம் மாறாமல், ஓர் எழுத்துக்கு முன்பாதத்தின் சுற்றளவு ஏறத்தாழக் கால் அங்குலம் கூடும். பெண்களுக்கு 'டி' வழக்கமான அகலம், 'இ' அதற்கு மேல். ஆனால் இந்த எழுத்துகளில் ஒரு பொறி இருக்கிறது: அமெரிக்கக் கணக்கில் பெண்களுக்கு 'பி'தான் வழக்கமான அகலம், 'டி' அகலமானது, அதே 'டி' அங்கே ஆண்களுக்கு வழக்கமான அகலம். உன் மருமகளாகப் போகிறவள் கைப்பேசியில் வரவழைத்துத் தருவதாகச் சொன்னாளல்லவா, எந்த நாட்டுக் கணக்கு என்று முதலில் பார்க்கச் சொல். நியூ பேலன்ஸ் போன்ற ஷூ நிறுவனங்கள் '2இ', '4இ' என்று இன்னும் அகலமான அளவுகளில் போடுவது நடைப்பயிற்சிக்கு நல்லதுதான். பட்டுப்புடவைக்குக் கீழே அது எடுபடாது. பிர்க்கன்ஸ்டாக் செருப்பில் எழுத்துக்குப் பதிலாகப் பாத வடிவம் அச்சிட்டிருப்பார்கள்; வெறும் கோட்டால் வரைந்த பாதம் நமக்குரியது, உள்ளே நிரப்பிய பாதம் ஒடுங்கிய காலுக்குரியது.

நம் கால் தாறுமாறாக வளர்ந்துவிட்டது என்ற எண்ணத்தை நீ விட்டுவிடவேண்டும் என்பதற்காக இன்னொன்றையும் சொல்கிறேன். இங்கே அடையாற்றில், 1948இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அவர்கள் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தார்கள். ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட இந்தியர்களின் முன்பாதம் பொதுவாக அகலமானது என்பதே அதில் தெரியவந்தது. அதை வைத்து, பாரதத்தின் முதலெழுத்தால் 'பா' என்று பெயரிட்டு, நமக்கென்று ஓர் அளவுமுறையையும் பரிந்துரைத்தார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் வந்த அளவுமுறையையும், அவர்கள் காலின் வடிவில் செய்த அச்சையும் வைத்துத் தைத்த செருப்புக்குள் நம் காலைத் திணித்துவிட்டு, காலைக் குறை சொல்கிறோம். இதில் எனக்கு மிகவும் உறுத்துவது ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம்தான். அங்குள்ள தொழிற்சாலைகளில் நம் பெண்கள் ஐரோப்பியக் கால்களுக்கு அருமையான ஷூக்களைத் தைத்து அனுப்புகிறார்கள். அவர்களில் பலருக்கும் நம்மைப் போலத்தான் பாதம் இருக்கும், கடைக்குப் போனால் அவர்களுக்கும் இதே பாடுதான்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். அகலமாக இருந்தால் அழகாக இராது, பாட்டி செருப்புப் போலத்தான் இருக்கும் என்று நீ எழுதியிருந்தாய். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. செருப்பின் அழகு முனை கூராக இருப்பதில் இல்லை. வார் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில் இருக்கிறது. பாதத்தின் குறுக்கே ஒரே பட்டையாகப் போகும் அகன்ற வார், காலை இன்னும் அகலமாகக் காட்டும். முன்பாதத்தின் மிகவும் அகன்ற இடத்தில் அதன் ஓரம் வந்து முடிந்தால் சதையும் பிதுங்கித் தெரியும். அதற்கு மாறாக, கட்டைவிரல் இடுக்கிலிருந்து இரு பக்கமும் சாய்வாகப் பிரிந்து போகும் வார்களோ, ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் மெல்லிய வார்களோ பார்வையை நீளவாட்டில் இழுத்துச் செல்லும். மூடிய வகை வேண்டுமென்றால், மேல்திறப்பு ஆழமாக இறங்கி, முனை வாதாம்பருப்புப் போல் மென்மையாக வளைந்திருப்பதைத் தேர்ந்தெடு. ஆனால் மூடிய வகையை உனக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன், காரணம் மெட்டி. இரண்டாம் விரலில் இருக்கும் அந்த வெள்ளிக்கும் இடம் வேண்டும்; அச்சு செய்கிற எவரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

குதி உயரத்தைப் பொறுத்தவரை, ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போகாதே. குதி உயர உயர உடல் எடை முன்பாதத்துக்கு வருகிறது. அகன்ற பாதம் இன்னும் விரிந்து, சரிந்து, ஒடுங்கிய முனைக்குள் போய் முட்டுகிறது. ஊசிக் குதியைவிட, அடி முழுவதும் சேர்ந்து உயரும் வெட்ஜ் வகை புடவையின் கொசுவத்துக்குக் கீழே நிமிர்வாகவும் இருக்கும், மணிக்கணக்கில் நிற்கவும் தாங்கும். முகூர்த்தத்தின்போது மணவறையில் வெறுங்காலோடுதான் நிற்கப்போகிறாய், செருப்புக்கு வேலை வரவேற்பிலும் மண்டபத்துக்குள் அலைவதிலும்தான். ஆகவே குனியாமல் கழற்றி மாட்டக்கூடியதாக இருக்கவேண்டும். அதே நேரத்தில், நின்று நின்று கால் வீங்கும்போது தளர்த்திக்கொள்ளவும் வேண்டும். பக்கிள் போல் அலங்காரம் தெரிய, அதன் அடியில் வெல்க்ரோ ஒட்டியிருக்கும் வகை இந்த இரண்டுக்கும் பொருந்தும். பழைய தங்க நிறமோ செப்பு நிறமோ எடுத்தால் எந்தப் பட்டுக்கும் ஒத்துப்போகும்.

மேல்பாகம் மெல்லிய தோலாக இருக்கட்டும். தோல் சில நாள் பழக்கத்தில் அகலவாட்டில் சற்று நெகிழ்ந்து கொடுக்கும், நீளவாட்டில் அவ்வளவாக நெகிழாது. பளபளக்கும் ரெக்சின் எதற்கும் அசையாது. பெருவிரலின் அடிமூட்டும் சுண்டுவிரலின் அடிமூட்டும் படும் இடங்களில் தையலோ கல்லோ ஜரிகையோ இருந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடு. உனக்கு அங்கேதான் ஏற்கெனவே கால் ஆணி இருக்கிறது. கோலாப்புரி செருப்பை நீ விரும்புவாய் என்று தெரியும். முன்பக்கம் திறந்திருப்பதால் நம் காலுக்கு நல்லதே. ஆனால் புதிதில் அந்தத் தோல் முரடாகக் கடிக்கும், ஆகையால் மார்கழி தொடங்கும்போதே வாங்கி வீட்டுக்குள் போட்டுப் பழக்கிவிடவேண்டும்.

கடைக்கு மாலையில் போ. காலையில் சரியாக இருப்பது மாலைக்குள் இறுகிவிடும். இரண்டு காலிலும் போட்டு, எழுந்து நின்று, கடைக்குள்ளேயே நடந்து பார். உட்கார்ந்த நிலையில் எந்தச் செருப்பும் பொருந்துவது போலத்தான் இருக்கும். இரண்டு பாதங்களில் பெரியது எதுவோ அதற்குத்தான் வாங்கவேண்டும். "போகப் போகச் சரியாகிவிடும்" என்று விற்பவர் சொன்னால், அந்த ஜோடி இப்போது சரியாக இல்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்.

வீட்டுக்காரருக்கும் சேர்த்து ஒன்று வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். அவருக்குச் சர்க்கரை இருப்பதால் அழகைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இறுக்கமான செருப்பு கடிப்பதே தெரியாமல் புண்ணாகிவிடும். வேலூரிலும் அதனருகே உள்ள கரிகிரியிலும் தொழுநோயாளிகளின் பாதங்களைக் காக்கப் பயன்பட்ட 'மைக்ரோசெல்லுலர் ரப்பர்' என்னும் மென்ரப்பர்தான் இன்று சர்க்கரை நோயாளிகளுக்கான எம்.சி.ஆர். செருப்பாக எங்கும் கிடைக்கிறது. எங்கள் வீட்டில் அவர் அதைத்தான் போடுகிறார். முன்பெல்லாம் கறுப்புப் பட்டையோடு மருத்துவமனைச் செருப்பு என்று தூரத்திலிருந்தே தெரியும். இப்போது வேட்டிக்கும் பொருந்துகிறாற்போல் பழுப்புத் தோல் வார் வைத்துச் செய்து தருகிறார்கள். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

உங்கள் ஊர்க் கடைகளில் அமையாவிட்டால், இங்கே எனக்குத் தெரிந்த செருப்புத் தைப்பவர் ஒருவர் அளவு கொடுத்தால் வெட்ஜ் அடியில் நாம் விரும்பும் வாரை வைத்துத் தைத்துத் தருவார். முகூர்த்தக் காலம் நெருங்கினால் அவருக்கும் நேரம் இராது, ஆகையால் தாமதிக்காதே. மாலை நேரத்தில் ஒரு வெள்ளைத்தாளைத் தரையில் வைத்து, மெட்டியோடு அதன்மேல் நேராக நின்று, வேறொருவரைக் கொண்டு பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு பாதங்களையும் வரையச் சொல். முன்பாதத்தின் அகன்ற இடத்தைச் சுற்றித் தையல் நாடாவால் அளந்து அந்தச் சுற்றளவையும் பக்கத்தில் எழுது. கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினால் அளவு மாறிவிடும். தாளையே தபாலில் அனுப்பிவிடு.

அன்புடன்,
உன் தோழி