நாலு பெஞ்ச் கேட்டு ஒரு மடல்

லாஸ் வேகஸ் கேசினோ விடுதி நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். அறையைக் காலி செய்யும்போது ரிசப்ஷனில் சொன்ன புகாருக்கு இன்னும் பதில் வரவில்லை. அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். ரிசப்ஷனிலிருந்து லிஃப்டுக்குப் போகும் வழியில் நாலு பெஞ்ச் போடுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

உங்கள் தூண்களும் சிலைகளும் பிரமாதம். வெறும் பூச்சுவேலை என்று தெரிந்தும் தொட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. ஆனால் லிஃப்டைக் கேசினோவின் மறுகோடியில் வைத்திருக்கிறீர்கள். பல் துலக்கப் போகிறவரும் காசு போட்டுச் சூதாடும் ஸ்லாட் மெஷின்களைத் தாண்டித்தான் போகவேண்டும். அது உங்கள் வியாபாரக் கணக்கு, புரிகிறது. மூட்டுவலிக்காரர்கள் அந்தக் கணக்கில் இல்லை போலிருக்கிறது.

பாதி வழியில் அம்மாவால் மேலே நடக்க முடியவில்லை. பார்க்குமிடமெல்லாம் இருக்கைகள், எல்லாமே மெஷின்களுக்கு முன்னால். ஒன்றில் உட்கார்ந்தார். என் பையன் பாட்டியின் கையைப் பிடித்தபடி நின்றான். உடனே காவலர் வந்து, பையன் இங்கே நிற்கக்கூடாது என்றார். அவரைக் குறை சொல்லமாட்டேன். உங்கள் நெவாடா மாநிலச் சட்டப்படி 21 வயது ஆகாதவர்கள் சூதாட்டத் தளத்தைக் கடந்து போகலாம், நிற்கக்கூடாது. பேரன் நிற்கக்கூடாது, பாட்டியால் நடக்க முடியாது. அந்த வழியாக எங்களை அனுப்பியது யார்? அம்மா எழுந்து, உங்கள் அழகான தூண்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு, சிகரெட் புகைக்குள் நடந்தார்.

கேசினோவில் புகைபிடிக்கவும் சட்டம் இடம் தருகிறது, சரி. ஆனால் உங்கள் சாலையிலேயே பார்க் எம்ஜிஎம் என்ற கேசினோ விடுதி 2020 முதல் புகையில்லாமலேயே நடக்கிறதே! அப்புறம், அறை வாடகைக்கு மேல் கட்டாயமாக வாங்கும் அந்த ரிசார்ட் கட்டணம். 2025 மே மாதம் வந்த அமெரிக்க மத்திய அரசு விதிக்குப் பிறகு அதையும் சேர்த்தே வாடகையைக் காட்டுகிறீர்கள், நன்றி. அந்தக் கட்டணத்தில் உள்ளூர் தொலைபேசி அழைப்புகள் இலவசமாம். கைபேசியோடு வருகிறவர்களுக்கு எவ்வளவு பெரிய சலுகை! உட்கார்ந்த நிலையில் ஒரு சிலை வைத்திருக்கிறீர்கள். அதற்குக் கிடைத்த ஆசனம் பணம் கட்டியவருக்குக் கிடைக்கவில்லை.

மன்னிக்கவும், பேச்சு எங்கோ போய்விட்டது. சக்கர நாற்காலி வாடகைக்கு உண்டு என்று உங்கள் ஊழியர் அன்போடு சொன்னார். அம்மாவுக்கு நடக்கத் தெரியும், நடுவில் கொஞ்சம் உட்காரவேண்டும். ஆகவே நாலு பெஞ்ச், பிள்ளைகளும் சட்டப்படி பக்கத்தில் நிற்கக்கூடிய இடத்தில். எப்போது போடுவீர்கள் என்று தயவுசெய்து ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் விடுதியில் தங்கிய ஒருவர்