காய்ச்சல் எனக்கில்லை

பாளையங்கோட்டை,
ஞாயிறு பிற்பகல்.

அன்புள்ள சங்கரா,

நலம். நீயும் மதினியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் மூட்டுவலிக்கு வைத்தியம் சொல்ல இந்தக் கடிதத்தில் இடமில்லை. அதை நேரில் வைத்துக்கொள்வோம்.

உன் பேத்தியின் காதணி விழாவுக்கு நான் வராமல் போய் இரண்டு மாதம் ஆகிறது. அன்று காலை ஐந்தரை மணிக்கு உன்னை அழைத்து, எனக்குக் கடுங்காய்ச்சல், எழுந்து உட்காரக்கூட முடியவில்லை என்று சொன்னேன். அது பொய். எனக்குக் காய்ச்சல் இல்லை. அந்த நேரத்தில் நான் ஒரு கால்நடை மருத்துவரின் வாசற்படியில், இரவு போட்டிருந்த பனியனோடு உட்கார்ந்திருந்தேன். இதை நீ வேறொரு வாய்வழியாகக் கேள்விப்பட்டுவிட்டாய் என்பது, அதற்குப் பிறகு ஒரு முறைகூட நீ என்னை அழைக்காததிலிருந்தே தெரிகிறது. அது யாருடைய வாய் என்பதும் தெரியும். விடுதிக் காலத்திலேயே அந்த வாய்க்கு நம்மால் மூடி போட முடியவில்லை.

‘நாய்க்காகவா வராமல் இருந்தான்?’ என்று திருச்செந்தூரில் நீ கேட்டாயாம். ஆம், நாய்க்காகத்தான். ஆனால் அதை முழுவதும் சொன்னால் நீ என்மேல் கொண்ட கோபத்தின் காரணம் மாறக்கூடும்; அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை நினைவூட்டுகிறேன். 2005 ஆம் ஆண்டு அஞ்சல் துறை நான்கு நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, ராஜபாளையம் நாயின் தபால்தலையை மட்டும் எடுத்து எனக்கு அனுப்பி, ‘நம் பக்கத்து ஆள், பத்திரமாக வை’ என்று எழுதியவன் நீ. இமயமலை ஆட்டு நாயையும் ராம்பூரையும் முதோலையும் நீயே வைத்துக்கொண்டாய். ஆக, இந்த வினையை விதைத்தவன் நீ; அறுப்பவன் நான்.

என் ராஜபாளையம் நாய் துரையை நீ ஒருமுறைதான் பார்த்திருக்கிறாய், அதுவும் கைக்குட்டி அளவில். இப்போது அவனுக்கு ஏழு வயது. நின்றால் தோளுயரம் எழுபது சென்டிமீட்டரைத் தாண்டும். எடை முப்பத்து நான்கு கிலோ. அவனுக்கு யாருடைய பெயரை வைத்தோம் என்பது உனக்கும் எனக்கும் தெரிந்தால் போதும். நடை அப்படியே இருக்கிறது. உடம்பு முழுக்க வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு. வாங்கியபோது இவையே அவனுடைய சிறப்பு என்று விற்றவர் சொன்னார். அந்த வெள்ளைக்கும் காதுக்கும் உள்ள தொடர்பை அவர் சொல்லவில்லை. தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்கள் உட்காதிலும் இருக்க வேண்டுமாம். அங்கே அவை இல்லாமற்போனால், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் அழிந்துவிடுகிறதாம். எங்களுக்கு அது தீபாவளியன்று தெரிந்தது. தெருவே வெடித்துக்கொண்டிருக்க, இவன் முற்றத்தில் மல்லாந்து தூங்கினான். ‘ராஜபாளையத்து வீரம்’ என்று நான் பெருமைப்பட்டேன். என் மனைவி, அதாவது உன் தங்கைதான், அவன் தலைக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அடுக்களைக்குள் போனாள். தூய வெள்ளை வேண்டும், மூக்கில் கறுப்பு கூடாது என்று ஆசைப்பட்டு நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்ப்பவர்கள் இருக்கும்வரை இப்படிப்பட்ட குட்டிகள் பிறந்துகொண்டேதான் இருக்கும். வாங்குகிற என்னைப் போன்ற ஆசைக்காரர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

இரண்டு ஆண்டு கழித்து அல்லி வந்தாள். ஜெர்மன் ஷெப்பர்ட், மைத்துனன் வீடு மாறும்போது விட்டுப் போனது. அல்லி அரசாணியின் பெயரை யோசித்துத்தான் வைத்தேன். வந்த ஒரு மாதத்திற்குள் இவளே அவனுக்குக் காதாகிவிட்டாள். யாரும் பழக்கவில்லை. கேட் திறக்கிற சத்தம் கேட்டால் அவள் காதை நிமிர்த்துவாள். அவன் அவளுடைய காதைப் பார்த்து எழுவான். அவள் குரைத்தால் அவனும் குரைப்பான், எதற்கென்று தெரியாமலே. பால்காரர் இதைப் பார்த்துவிட்டு, ‘சார், நம்ம சங்கக் கூட்டம் மாதிரியே இருக்கு’ என்றார்.

அன்றாடம் எப்படிப் போகிறது என்று கேட்டால், நாய்க்கு வேலையும் இல்லை நிற்க நேரமும் இல்லை என்பார்களே, அந்த நிலை இங்கே நாய்களுக்கு அல்ல, எனக்கு. ஐந்து மணிக்குப் பாளையங்கால்வாய்க் கரையில் நடை. பங்குனி தொடங்கிவிட்டால் எட்டு மணிக்கே தார்ச்சாலை சுடத் தொடங்கிவிடும். என் புறங்கையை ஐந்து விநாடி தரையில் வைக்க முடியவில்லை என்றால் அவற்றின் பாதத்தையும் வைக்கக்கூடாது என்பதால், அதற்குள் வீடு திரும்பியாக வேண்டும். பிறகு குருணைச் சோறும் கோழியும் வேகவைக்கும் பணி, கொல்லையில் தனி அடுப்பில்; ஏனென்றால் புரட்டாசியிலும் அவர்கள் விரதம் இருப்பதில்லை. பிறகு இருவருக்கும் காது மடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி தேடுதல். போன ஆண்டு ஓர் உண்ணிக் காய்ச்சலில் அல்லியின் இரத்தத் தட்டணுக்கள் இறங்கி, மூன்று வாரம் மருந்து கொடுத்தோம். அதிலிருந்து நான் தமிழாசிரியன் என்பதை மறந்து உண்ணி ஆசிரியன் ஆகிவிட்டேன். அல்லியின் முடி எங்கே இல்லை என்பதுதான் கேள்வி. உளுந்தில் இருக்கிறது, என் வேட்டியில் இருக்கிறது, உனக்கு எழுதும் இந்தத் தாளிலும் ஒன்று ஒட்டியிருந்தால் திருப்பி அனுப்பாதே. சங்கப் புலவர்கள் நாயை ‘ஞமலி’ என்று எவ்வளவு அழகாக எழுதிவிட்டுப் போனார்கள். அவர்கள் யாரும் வீடு பெருக்கியிருக்கமாட்டார்கள்.

இனி அந்த இரவு.

மறுநாள் அதிகாலைப் பேருந்தில் திருச்செந்தூர் வருவதாகத் திட்டம். உன் தங்கை பட்டுப்புடவையை எடுத்து வைத்துவிட்டாள். பகல் முழுவதும் நாய்கள் தனியாக இருக்கும். பக்கத்து வீட்டுப் பையன் தண்ணீர் மட்டும் வைப்பான், சோறு வைக்கப் பயப்படுவான். அதனால் நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். மறுநாள் பங்கையும் சேர்த்து அன்றிரவே போட்டுவிட்டேன். அல்லி பாதியில் நிறுத்திவிட்டாள். துரை தன்னுடையதையும் அவளுடைய மீதியையும் மூச்சுவிடாமல் விழுங்கினான். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ‘நல்லது, நாளைக்குப் பசிக்காது’ என்று மனத்திற்குள் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது.

பதினொன்றரை மணிக்கு அல்லி படுக்கையறைக் கதவைப் பிறாண்டினாள். வெளியே வந்தால் துரை முற்றத்தில் நிற்கிறான், நடக்கிறான், மறுபடி நிற்கிறான், படுக்க முடியவில்லை. கழுத்தை நீட்டி நீட்டி வாந்தியெடுக்கப் பார்க்கிறான்; நுரையைத் தவிர ஒன்றும் வரவில்லை. வலிக்கிறது என்று ஒரு சத்தமும் போடவில்லை. அஜீரணம் என்று நினைத்து நான் ஓமத் தண்ணீர் காய்ச்சினேன். அதில் அரை மணி நேரம் போயிற்று. உன் தங்கை வந்து அவன் விலாவுக்குக் கீழே விரலால் தட்டினாள். மத்தளம் போல ஒலித்தது. அதன் பிறகு அவள் என் ஓமத் தண்ணீரைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

ஆழமான மார்புள்ள பெரிய நாய்களுக்கு வருவது அது. இரைப்பை காற்றால் ஊதி, அச்சில் சுழல்வதுபோல் முறுக்கிக்கொள்கிறது. மேல் வாயும் கீழ் வாயும் அடைபட்டு, உள்ளே இருப்பது எந்தப் பக்கமும் போகமுடியாமல், இதயத்துக்குத் திரும்பும் இரத்தமும் தடைப்பட்டுப்போகிறது. சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: முப்பத்து நான்கு கிலோவை என்னால் தூக்க முடியவில்லை. குனிந்தேன், கைகளைக் கொடுத்தேன், முதுகு மறுத்துவிட்டது. சங்கரா, அறுபத்தெட்டு வயது என்பதை நான் பிறந்தநாளன்று உணரவில்லை. அந்த முற்றத்தில்தான் உணர்ந்தேன்.

அலமாரியின் அடியிலிருந்து அந்தப் பவானி ஜமுக்காளத்தை இழுத்தேன். விடுதியில் நீயும் நானும் விரித்துப் படுத்து, உன் பீடி நெருப்பு ஒரு மூலையில் ஓட்டை போட்டதே, அதேதான். அதில் அவனைக் கிடத்தி, தெருமுனை ஆட்டோக்காரத் தம்பி ஒரு பக்கமும், பக்கத்து வீட்டுப் பையன் ஒரு பக்கமும், நாங்கள் இருவரும் மற்ற இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினோம். ஆட்டோ நகரும்போது அல்லி கேட்டுக்குள் நின்று ஊளையிட்டாள். அவளுடைய குரல் அவனுக்குக் கேட்காது என்பது அப்போது எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

மருத்துவர் ஓர் இளம்பெண். நம் கடைசி மாணவர்களின் வயதுதான் இருக்கும். தடித்த ஊசி ஒன்றை விலாப்பக்கத்தில் இறக்கினார். டயரிலிருந்து காற்றுப் போவதுபோல் சீறிக்கொண்டு நாற்றம் வெளியேறியது. பிறகு வயிற்றைத் திறந்து முறுக்கை எடுத்து, இனிச் சுழலாதபடி இரைப்பையின் சுவரை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்தார். அதற்கு முன் என்னைப் பார்த்து, ‘ராத்திரி என்ன சாப்பிட்டான், எவ்வளவு?’ என்று கேட்டார். ‘வழக்கம்போலத்தான்’ என்றேன். பக்கத்தில் உன் தங்கை நின்றிருந்தாள். அன்று நான் சொன்ன முதல் பொய் அது. உனக்குச் சொன்னது இரண்டாவது.

இப்போது புரிகிறதா, நான் ஏன் காய்ச்சல் என்றேன் என்று? நாய்க்கு அறுவைச் சிகிச்சை என்றால் நீ ‘எதனால்?’ என்று கேட்பாய். உன்னிடம் என்னால் பாதி சொல்லி நிறுத்த முடியாது. வயது, மார்பின் அமைப்பு, அவசரத் தீனி என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. அந்த இரு மடங்குச் சோறுதான் காரணம் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அதைச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ள முயன்று இரண்டு மாதம் ஆகிறது. தையல் பிரித்த அன்று, உன் தங்கை இல்லாத நேரம் பார்த்து, மருத்துவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அதைக் கோப்பில் எழுதிக்கொண்டு, ‘இனிமேல் மூன்று வேளையாகப் பிரித்துப் போடுங்கள், சாப்பிட்டதும் ஓடவிடாதீர்கள்’ என்றார். கழுத்து வலிக்கக்கூடாதென்று கொத்தனாரை வைத்து நான் கட்டிய தீனி மேடையையும் இடிக்கச் சொன்னார். தட்டை உயரத்தில் வைப்பதே ஆபத்தைக் கூட்டலாம் என்று ஓர் ஆய்வு இருக்கிறதாம். இடித்துவிட்டேன். உன் தங்கையிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. நானே சொல்வேன், ஆடி கழியட்டும்.

வீட்டுக்கு வந்த முதல் வாரம்தான் மிகக் கடினமாக இருந்தது. தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் புனலை மாட்டிவிட்டார்கள். மற்ற நாய்களுக்கு அது தொல்லை. இவனுக்கு அது சிறை. கண்ணால்தான் கேட்கிறவன் அவன். புனல் பக்கப் பார்வையை மறைத்ததும் அல்லி எங்கே நிற்கிறாள் என்று தெரியாமல், தூணில் மோதி, திகைத்து, சுவரைப் பார்த்தபடியே நின்றான். இரண்டாம் நாள் உன் தங்கை புனலைக் கழற்றிவிட்டு, என் பனியன் ஒன்றை அவனுக்கு மாட்டி, முன்னங்கால்களைக் கைத்துளைகளில் விட்டு, முதுகில் முடிச்சுப் போட்டாள். அளவு எடுத்ததுபோல் பொருந்தியது. அவன் அதோடு தெருவைப் பார்த்து நின்றபோது, அடுத்த வீட்டம்மா ‘சார் குனிந்து என்ன தேடுகிறார்?’ என்று கேட்டார்களாம். இரவெல்லாம் நான் பக்கத்தில் பாய் போட்டுக் காவல் இருந்தேன். அல்லி இரண்டடி தள்ளிப் படுத்தாள். அந்த இரண்டடியை அவள் குறைக்கவேயில்லை.

மகன் பெங்களூரிலிருந்து பேசினான். செலவைக் கேட்டான், பிறகு ‘இரண்டையும் யாருக்காவது கொடுத்துவிட்டு இங்கே வந்துவிடுங்கள்’ என்றான். அவன் சொல்வதில் அன்பு இருக்கிறது, கணக்கும் இருக்கிறது. இந்த உருவமுள்ள நாய்கள் பத்து, பன்னிரண்டு ஆண்டு இருக்கும். அதற்குள் எனக்கு எத்தனை வயதாகும் என்று நானும் கூட்டிப் பார்த்திருக்கிறேன். ஆனால் காது கேளாத ஒருவனையும் அவனுடைய காதையும் தனித்தனியாகக் கொடுக்க முடியாது. முப்பது கிலோவுக்கு மேற்பட்ட இரண்டையும் சேர்த்து வாங்குகிற மகாராசனை நான் இன்னும் சந்திக்கவில்லை. உனக்குத் தெரிந்தால் சொல்லாதே.

பேத்திக்கு வாங்கிய கம்மல் பீரோவிலேயே இருக்கிறது. தபாலில் அனுப்ப மனமில்லை. அவளையும் அழைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் வா, மதினியும் வரட்டும். கேட்டில் நின்று ஒரு குரல் கொடு. நான் வரும்வரை தாழ்ப்பாளைத் தொடாதே. அல்லியை முதல் பத்து நிமிடம் கண்டுகொள்ளாதே, அவளாக வந்து மோந்து பார்த்துப் பதிவு செய்துகொள்வாள். துரை தூங்கிக்கொண்டிருந்தால் குழந்தையை அவன் முதுகுப்பக்கமாகத் தொடவிடாதே, திடுக்கிடுவான். தரையில் காலால் இரண்டு முறை தட்டு, அதிர்வு தெரிந்து கண் திறப்பான். பிறகு அவனுக்கு எதிரே வந்து நின்று கையைக் காட்டு.

உன்,
கணேசன்

பி.கு.: ஜமுக்காளத்தைத் துவைத்தாயிற்று. உன் ஓட்டை அப்படியே இருக்கிறது.