தலைவலிக்காரி மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய ரிப்போர்ட்டைப் பார்த்தேன். டயமின் ஆக்சிடேஸ் என்ற என்சைம் உனக்குக் குறைவாம். உன் ஒற்றைத் தலைவலிக்கு அதுதான் காரணமென்று தயிர், தக்காளி, கத்தரிக்காய், இட்லி எல்லாவற்றையும் விடப்போகிறாயாம். அப்புறம் என்னதான் சாப்பிடுவாய்?

30 வருஷம் லேபில் ரத்தம் எடுத்தவள் சொல்கிறேன். அந்த என்சைம் பொய்யில்லை. ஹிஸ்டமின் என்ற பொருள் சிலருக்குத் தலைவலியைக் கிளப்பும், புளித்த சாப்பாட்டில் அது அதிகம். சாப்பாட்டோடு வரும் அந்த ஹிஸ்டமினைக் குடலிலேயே உடைப்பது இந்த என்சைம்தான். ஒற்றைத் தலைவலிக்காரர்கள் பலருக்கு இந்த என்சைம் மந்தமாக இருப்பதும் உண்மை. ஆனால் மந்தமாக இருந்தும் தலை வலிக்காதவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு எண்ணை வைத்து இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

இந்த வலியில் வேறு சரக்குக்கும் பங்கு உண்டு. 1990-இல் கோட்ஸ்பி, எட்வின்சன் என்ற ஆராய்ச்சியாளர்கள் ஒற்றைத் தலைவலி வந்திருக்கும் நேரத்திலேயே கழுத்துச் சிரையிலும் கைச் சிரையிலும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சிஜிஆர்பி என்ற புரதத்துணுக்கு கழுத்து ரத்தத்தில் ஏறியிருந்தது, கை ரத்தத்தில் ஏறவில்லை. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் ஆயுசுக்கும் குத்தியது கையில்தானே! முகத்துக்கும் மூளையின் உறைக்கும் போகும் முப்பெருநரம்பு கக்குகிற சரக்கு அது. இப்போது ஒற்றைத் தலைவலிக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசிகள் அதன் வேலையைத்தான் தடுக்கின்றன.

ஒன்று சொல்கிறேன். நீ வயிற்றில் இருந்தபோது, நாலாம் மாதத்திலிருந்து எனக்குத் தலைவலியே இல்லை. நஞ்சுக்கொடி உன் ரிப்போர்ட்டில் குறைந்த அதே என்சைமை ரத்தத்தில் ஏராளமாகக் கொட்டுமாம். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மாதாமாதம் ஏறி இறங்காமல் நின்றதுதான் முக்கியக் காரணம் என்பார் எங்கள் டாக்டர். எதுவோ, நீ பிறந்த மறுவாரமே திரும்ப வந்துவிட்டது.

எட்டாம் வகுப்பில் ஜன்னலை மூடச் சொல்லி நீ அழுதபோது, பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறாய் என்று திட்டினேன். நீ வாந்தி எடுத்த பிறகுதான் உறைத்தது. என்னிடமிருந்து வந்த வியாதியை நானே அடையாளம் காணவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

சரி, ஒரு நோட்டு போடு. என்ன சாப்பிட்டாய், எப்போது தூங்கினாய், மாதவிலக்கு என்றைக்கு, எல்லாம் எழுது. மாத்திரை போட்ட நாளையும் விடாதே. சாதாரண வலிமாத்திரையே மாதத்தில் 15 நாள் போனால் அதுவே தலைவலியைக் கிளப்பும்.

பொங்கலுக்கு வரும்போது நோட்டைக் கொண்டு வா. மாவு அதிகம் புளிக்கும் முன்னே இட்லி ஊற்றித் தருகிறேன்.

அம்மா