அக்கா வீட்டுத் தரைமட்டம்

அன்புள்ள மக்கா,

ஓணத்துக்கு எழுதுகிறேன் என்று சொன்னவன், இரண்டு ஓணம் தாண்டி எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். வீட்டில் எல்லாரும் சுகம். எனக்கு முட்டுவலி உண்டு, ஆனாலும் நம்ம கூட்டாளி பப்படத்தைவிட வேகமாகத்தான் நடக்கிறேன்.

எழுத வைத்தது அக்கா. குழித்துறைக்குக் கீழே, ஆற்றங்கரையில் பழைய வீட்டை ஒட்டிப் புது வீடு போடுகிறாள். "நீதானலே ஆறு அளந்தவன், தரை எவ்வளவு ஏத்தணும் சொல்லு" என்றாள். கேட்டதும் தலைகால் தெரியவில்லை எனக்கு. மட்டம் பார்க்கிற ஆட்டோ லெவலை வாடகைக்கு எடுத்து, மருமகனை ஸ்டாஃப் என்கிற அளவுகோலைப் பிடிக்க வைத்து, இரண்டு நாளில் ஆற்றின் ஒன்பது குறுக்குவெட்டு எடுத்தேன். திரும்ப வந்து, தொடங்கின பெஞ்ச் மார்க்கில் (உயரம் தெரிந்த அந்தக் குறியில்) மூடினால் வித்தியாசம் 6 மில்லிமீட்டர்! நம்ம சார் இருந்திருந்தால் டீ வாங்கித் தந்திருப்பார். 2021 நவம்பர் வெள்ளத்துக்குக் கைக்குக் கிடைத்த நீர்வரத்தைக் கொடுத்து ஆற்று நீர்மட்டம் கணக்குப் போடும் ஹெச்.இ.சி. ராஸ் மென்பொருளில் ஓடவிட்டேன். அந்த இடத்தில் 4 மீட்டர் ஆழம் வந்தது. பாதுகாப்புக்கு இன்னும் அரை மீட்டர் சேர்த்து, பெரிய மனுஷன் மாதிரி தரைமட்டத்தைச் சொல்லிவிட்டேன்.

அவள் ஒன்றும் பேசாமல் பழைய வீட்டு அடுக்களைக்குக் கூட்டிப்போனாள். அம்மிக்கு மேலே சுவரில் அந்த வெள்ளத்தின் கறை. கீழே கட்டன்சாயா நிறம், மேலே சுண்ணாம்பு வெள்ளை, நடுவில் நூல் பிடித்தது போல ஒரு கோடு. லெவல் வைத்துப் பார்த்தேன். என் கணக்குத் தண்ணீரைவிட 70 சென்டிமீட்டர் மேலே இருந்தது. அரை மீட்டர் ஏற்றிய புது வீட்டுக்குள்ளும் ஒரு சாண் தண்ணீர் நின்றிருக்கும். "நீ அளந்தது எந்த ஆறுலே?" என்றாள்.

ராத்திரி தூக்கமில்லை. முதலில் சர்வேயைத்தான் சந்தேகப்பட்டேன், பழக்கதோஷம். ஆனால் ஒரு குறுக்குவெட்டில் நாற்பது புள்ளி எடுத்தால் ஒன்று கொஞ்சம் கூடும், ஒன்று கொஞ்சம் குறையும், மொத்தப் பரப்பில் அது அடிபட்டுப் போகும். பெஞ்ச் மார்க்கே தப்பாக இருந்தால்தான் எல்லாம் சேர்ந்து தூக்கும். கறையையும் அதே பெஞ்ச் மார்க்கிலிருந்து அளந்ததால் அந்தப் பேச்சும் இல்லை. அப்புறம்தான் மானிங்கின் 'என்' (n) ஞாபகம் வந்தது, ஆறும் கரையும் தண்ணீரை எவ்வளவு உரசித் தடுக்கும் என்கிற எண். சுத்தமான நேரான ஆறு, 0.030. அரை நொடியில் டைப் செய்திருந்தேன். ஆற்றங்கரை எப்படி இருக்கிறது தெரியுமா? கைதைப் புதர், மூங்கில், அதற்கு மேலே வாழைத்தோட்டம், வேலியில் சிக்கிய தென்னமட்டை. அகலமான ஆற்றில் ஆழம் அந்த எண்ணின் ஐந்தில் மூன்று அடுக்காக (3/5 power) ஏறும். 0.030 ஐ 0.040 ஆக்கிப் பார்: 4 மீட்டர், 4.75 மீட்டர் ஆகிவிடும். 0.039 வைத்தால் நேராக அம்மிக்கு மேல் கறையில் போய் நிற்கிறது.

கலிபோர்னியாவில் டேவிஸில் உள்ள அமெரிக்க ராணுவப் பொறியாளர்களின் நீரியல் மையம் 1986 இலேயே இதை ஆராய்ந்து, நல்ல சர்வே இருந்தால் பெரிய தப்பு இந்த உராய்வு எண்ணில்தான் என்று எழுதிவிட்டது. நாமும் பரீட்சைக்குப் படித்தோம். ஆனால் 8 மில்லிமீட்டர் மூடவில்லை என்று நம்மை வெயிலில் திரும்ப நடக்கவிட்டவர்கள் யாராவது, "ஏன்லே 0.030 போட்டே?" என்று ஒரு தடவை கேட்டிருப்பார்களா? நானும் பிறகு எத்தனை பையன்களை அதே மாதிரி நடக்கவிட்டேன். நமக்கு ஆற்றின் 'என்' தெரியாது மக்கா. இவ்வளவு காலம் போட்டதெல்லாம் என் 'என்'தான்.

சரி, 0.039 என்று வைத்துவிடலாமே என்பாய். அங்கேதான் பயம். நீர்வரத்து எண்ணே குறைவாக இருந்தால்? மேலே பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைத் தண்ணீரும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து வந்த வெள்ளம் அது. அந்தக் குறையையும் 'என்' தலையில் கட்டிவிட்டேன் என்றால், அடுத்த பெரிய வெள்ளத்துக்குக் கணக்கு வேறு எங்கேயோ போய் நிற்கும். ஒரு கறையை வைத்து இரண்டு எண்ணைப் பிடிக்க முடியாது. அதனால் அக்கரையில் கோயில் படிக்கட்டு, இரண்டு கிணறு, ஒரு ரேஷன் கடைச் சுவர் என்று கறை தேடி அலைகிறேன். பாதிப்பேர் வெள்ளையடித்துவிட்டார்கள். ஒரு ஆச்சி மட்டும், "இடுப்பு வரைக்கும் வந்தது" என்று தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். இப்போது கொஞ்சம் கூனியிருக்கிறாள். அதற்கு என்ன திருத்தம் போடுவது?

அக்காவிடம் நேற்று, "0.035 இலிருந்து 0.050 வரை எதுவும் இருக்கலாம், அதனால் தண்ணீர் 4.4 இலிருந்து 5.4 மீட்டருக்குள்" என்றேன். "கொத்தனார்கிட்ட இப்படியா சொல்ல? எத்தனை வரி கல்லு?" என்று கேட்டாள்.

கரையின் போட்டோ எட்டு அனுப்புகிறேன். என்ன 'என்' போடுவாய் என்று, என் எண்ணை மறந்துவிட்டு, நீயாகப் பார்த்துச் சொல். பப்படத்திடமும் தனியாகக் கேட்கிறேன். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொள்ளாதீர்கள். வெள்ளிக்கிழமை கொத்தனார் வருகிறார்.

உன்,
ஸ்டாஃபைத் தலைகீழாகப் பிடித்தவன்