தராசின் மேல் வீசிய காற்று

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

அமெரிக்கத் தமிழர்களின் பொழுதுபோக்குகள் குறித்த கட்டுரையில், சுட்டுமுடித்த கைத்துப்பாக்கித் தோட்டாக் கூடுகளில் வெடிமருந்தையும் குண்டையும் வீட்டிலேயே மறுபடி நிரப்புவது எளிது என்று எழுதியிருந்தீர்கள். டெக்சாஸில் ஒன்பது ஆண்டுகளாக இதைச் செய்துவரும் எனக்கு அந்த வரி கவலை தந்தது.

சென்ற குளிர்காலத்தில் என் 9 மி.மீ. தோட்டாக்களுக்கு 4.5 கிரெய்ன் மருந்து விழவேண்டிய இடத்தில் ஒருமுறை 4.2, மறுமுறை 4.8 என்று என் மின்னணுத் தராசு காட்டியது. ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம்தான். ஆனால் அந்தச் சின்னக் கூட்டுக்குள் இது பெரிய வேறுபாடு. மருந்து மிகவும் குறைந்தால் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கும். அறியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கலாம்.

பாதிக் குற்றம் தராசினுடையது. வெப்பக் காற்று வரும் துவாரத்துக்கு நேர் கீழே அதை வைத்திருந்தேன். இடம் மாற்றி, அரைமணி நேரம் சூடேறவிட்டு, எடைக்கல்லால் சரிபார்த்த பிறகு அது நிலைத்தது. மீதிக் குற்றம் மருந்தினுடையது. கைப்பிடியை இழுத்தால் குடுவையிலிருந்து கூட்டுக்குள் மருந்தைக் கொட்டும் அளவைக் கருவி எடையை அளப்பதில்லை, கொள்ளளவையே அளக்கிறது. என்னுடையது தட்டையான செதில் மருந்து. வறண்ட காற்றில் நிலைமின்னேற்றத்தால் குடுவைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, துளையின் வாயில் பாலம்போல் கட்டி அடைத்துவிடுகிறது. உருண்டை மணி மருந்து இவ்வளவு படுத்துவதில்லை. இப்போது குடுவையைப் பாதிக்குக் கீழே இறங்கவிடுவதில்லை. கைப்பிடியை ஒரே வேகத்தில் இழுக்கிறேன். முதல் பத்து அளவுகளைக் குடுவையிலேயே திருப்பிக் கொட்டுகிறேன். குண்டைப் பொருத்துமுன் ஒவ்வொரு கூட்டையும் விளக்கொளியில் பார்க்கிறேன்.

புதிதாகத் தொடங்கும் இளைஞர்கள் உங்கள் இதழைப் படிக்கிறார்கள். அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயந்திரப் பொறியாளர்,
ஹூஸ்டன்