நீ எழுதும் துப்பறியும் தொடர் பற்றி

பாம்பன்
மே 20

அன்பு மாப்பிள்ளை சேகருக்கு,

தொடரின் முதல் இரண்டு பாகங்களும் வந்து சேர்ந்தன. இங்கே மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை விசைப்படகு எதுவும் நகராது. சாயங்காலமானால் வீட்டுக்கு வீடு டிவியில் ஏதாவதொரு கொலைக்கதைதான்.

கொலைகாரனைக் கடைசிவரை மறைத்தால்தான் சனம் உட்காரும் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1971-இல் தொடராக வரத் தொடங்கிய அமெரிக்கக் 'கொலம்போ'வில் கொலையையும் கொலைகாரனையும் பெரும்பாலும் முதலிலேயே காட்டிவிடுவார்கள். அப்படியும் 2003 வரை புதுக்கதைகள் வந்தன. அவன் எங்கே சறுக்கினான் என்று நாமே பிடித்துவிடலாம்போல இருக்கிறதே, அதுதான் இழுக்கிறது. அதற்குத் துப்பு நம் கண்முன்னே கிடக்க வேண்டும்.

உன் கதையில் அது கிடக்கிறது, நீதான் எடுக்கவில்லை. கொலை நடந்தது மே மாதம். அன்றிரவு விசைப்படகில் கடலுக்குப் போனேன் என்கிறான் படகுக்காரன். தடைக்காலத்தில் எப்படிப் போவான்? நாட்டுப்படகு என்றால் போகலாம். முதல் பாகத்தில், வரிசையாகக் கட்டிக்கிடக்கும் விசைப்படகுகளை நாலே நொடி காட்டு, யாரும் அதைப் பற்றிப் பேச வேண்டாம். நான்காம் பாகத்தில் அவன் வாயைத் திறந்ததும் எங்கள் தெருக் கிழவிகள் பிடித்துவிடுவார்கள். வேறு மாதம் என்றால், கடலுக்குப் போகும் படகுக்கு மீன்வளத்துறை கொடுக்கும் டோக்கனின் பதிவேடு போதும்.

உடல்சூட்டை வைத்து டாக்டர் நேரம் சொல்வதை எடுத்துவிடு. இந்த மாதம் கடல்நீரே 30 டிகிரிக்குப் பக்கம். 37-இலிருந்து அதற்குமேல் இறங்க இடமில்லை. விடியும்வரை தண்ணீரில் கிடந்த உடலில் அந்தக் கணக்கு ஓடாது.

அதற்குப் பதில் டயாட்டம் சோதனையைக் கொண்டுவா. ஊருணியில் அமுக்கிக் கொன்று கடலில் போட்டான் என்பதுதானே உன் முடிச்சு? உயிரோடு மூழ்கினால் தண்ணீரிலுள்ள நுண்பாசி நுரையீரல் வழியே ரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜைவரை போகும். இதயம் நின்றபின் போட்டால் அவ்வளவு தூரம் போவது அபூர்வம். தொடையெலும்பு மஜ்ஜையை நைட்ரிக் அமிலத்தில் கரைத்தால் பாசியின் சிலிக்கா ஓடு மிஞ்சும். ஊருணித் தண்ணீர், கடல்தண்ணீர் இரண்டின் மாதிரியோடும் அதை ஒப்பிட வேண்டும். கருவியைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் அந்தப் பாசியும் ஒட்டிக்கொள்ளும். அதனால் வாலைவடிநீர்தான் வேண்டும். மாதிரியை மூன்று வாரம் கழித்து எடுத்தாலும் கதை கெடும், வெயிலில் ஊருணி வற்றி, பாசியே மாறியிருக்கும். எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடிப்பார். உன் ஆறாம் பாகமே அந்தக் குறுக்கு விசாரணைதான்.

இன்ஸ்பெக்டரிடம் அழுது ஒப்புக்கொள்ளும் காட்சி வேண்டவே வேண்டாம். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதுச் சாட்சியச் சட்டத்திலும் அப்படித்தான். ஆனால் அவன் சொன்ன இடத்தில் தோண்டி ஒரு செல்போன் கிடைத்தால், அந்தக் கண்டெடுப்பு செல்லும். உடைமர நிழலில் மண்வெட்டி இறங்கும் காட்சியை எழுது.

இன்னொன்று. தெற்கத்திக் காற்று கிளம்பிவிட்டது, தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், அலை. நாட்டுப்படகில் உடலைக் கொண்டுபோகிறவன் வடகடலான பாக் நீரிணைப் பக்கம்தான் இறக்குவான். நீ தென்கடலில் ஒதுக்கியிருக்கிறாய். மாற்றிவிட்டு மூன்றாம் பாகத்தை அனுப்பு.

உன்,
ராசு